பதினாறாம் நாள் மருந்துக்கு யார் பொறுப்பு?

இதயத்தைத் திறந்து அறுவை செய்ய வேண்டுமானால் மார்பெலும்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். உள்ளே வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் அவ்வெலும்பைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் தேவை. பழைய வலிமை திரும்ப மூன்று மாதங்கள்கூட ஆகும். ‘ஆயுஷ்மான் பாரத்’ என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்றிய அரசின் காப்பீட்டுத் திட்டமோ, வீடு திரும்பிய நோயாளியின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் 15 நாட்கள் மட்டுமே பொறுப்பேற்கிறது. எலும்புக்கு எட்டு வாரம். அரசுக்கு இரண்டு வாரம். இடைப்பட்ட ஆறு வாரங்களில் ஏழையின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாளேடுகளின் முழுப்பக்க விளம்பரங்கள் சொல்வதில்லை.

2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த இத்திட்டம், உலகிலேயே மிகப் பெரிய அரசு நிதி மருத்துவத் திட்டம் என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய். 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இந்த அட்டையைக் காட்டி அறுவை பெற்று உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை அடகு வைத்தாலும் கைக்கெட்டியிராத பைபாஸ் அறுவை அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. இதை மறுத்துப் பேசுவது வறட்டுவாதம். நம் தோழர்கள் சிலர் மேடையில் அப்படிப் பேசும்போது கேட்பவர்கள் நம்மைவிட்டு விலகுவதைக் கண்டிருக்கிறேன். பிழைத்த உயிரை அடுத்த ஆண்டுவரை யார் காப்பது என்பதே நமது கேள்வி. அக்கேள்விக்கு இத்திட்டத்தின் அமைப்பிலேயே விடை இல்லை. புறநோயாளிச் சிகிச்சைக்கு அதில் இடமில்லை. 16-ஆம் நாள் காலையில் விழுங்க வேண்டிய மாத்திரைக்கும் இடமில்லை.

அரசு அறிக்கைகளைத் தமிழாக்குவது எனக்குத் தொழில் என்பதால், இத்திட்ட ஆவணங்களில் மிகுதியாக வரும் ஒரு சொல்லோடு அடிக்கடி மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. ‘பேக்கேஜ்’ என்பது அச்சொல். ‘தொகுப்பு’ என்று எழுதினால் ஏதோ இலக்கியத் தொகுப்புப்போல் ஒலிக்கிறது. ‘சிப்பம்’ என்பதே சரியென்று எனக்குப் படுகிறது. மண்டிக்கு வரும் அரிசிச் சிப்பத்துக்கு எடை உண்டு, விலை உண்டு, கட்டிய கயிறு உண்டு. கயிற்றுக்கு வெளியே சிந்திய அரிசிக்கு வியாபாரி பொறுப்பல்ல. வால்வு மாற்றுச் சிப்பம், ஸ்டென்ட் சிப்பம், பைபாஸ் சிப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் அரசு ஒரு விலை குறித்திருக்கிறது. தனியார் மருத்துவமனை சிப்பத்தை விற்கிறது, அரசு வாங்குகிறது. நோயாளி வீடு திரும்பியபின் சிந்துவதெல்லாம் கயிற்றுக்கு வெளியே.

அறுவைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. ஆகவே அதற்கு விலை குறிக்கலாம், கணக்கெழுதலாம், இலாபம் காணலாம். உடல் தேறுதலுக்கு அப்படி எல்லை கிடையாது. ஒருவருக்கு ஆறு வாரம், இன்னொருவருக்கு ஆறு மாதம், வால்வு மாற்றிக்கொண்டவருக்கு வாழ்நாள் முழுதும். அதற்குத் தேவைப்படுபவை ஓய்வு, உணவு, தவறாத மாத்திரை, மாதம் ஒருமுறை இரத்தச் சோதனை, வாசலுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு செவிலியர். இவற்றில் எதிலும் பெரிய இலாபம் இல்லை. இலாபம் இல்லாததைச் சந்தை விற்காது. சந்தை விற்காததை, சந்தையிலிருந்து வாங்கித் தருவதையே கொள்கையாகக் கொண்ட அரசு தரமுடியாது. இது நிர்வாகக் குறை என்று எண்ணி, 15 நாளை 30 நாளாக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்தைக்கு எது உவப்பானது என்பதை 2024 நவம்பரில் குஜராத் காட்டியது. மெஹ்சானா மாவட்டத்தின் போரிசணா கிராமத்தில் அகமதாபாத் தனியார் மருத்துவமனை ஒன்று இலவச முகாம் நடத்தியது. 19 பேரை வாகனத்தில் அழைத்துச் சென்று, அவர்களுள் ஏழு பேருக்கு இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தது. இருவர் இறந்தனர். அவசியமே இல்லாமல் அச்சிகிச்சைகள் செய்யப்பட்டதாக அரசு அமைத்த மருத்துவக் குழுவே கூறியது. வழக்குப் பதிவாயிற்று, மருத்துவமனை திட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இதைச் சில தீய மனிதர்களின் செயல் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் நோயற்ற மார்பில் ஸ்டென்ட் வைத்தால் பணம் வரும், நோயுற்ற மார்பைத் தேற்றினால் வராது என்னும் ஏற்பாட்டைச் செய்து வைத்தது யார்?

ஏழைகளின் இதயநோய்

இதய அறுவை என்றவுடன் கொழுத்த உணவும் குறைந்த உழைப்பும் கொண்ட நகரத்துக் கனவான் ஒருவர் நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். இந்தியாவில் இன்னொரு இதயநோய் இருக்கிறது. காற்றோட்டமற்ற ஓரறை வீட்டில் நெருக்கியடித்து வாழும் குழந்தைக்குத் தொண்டைப்புண் வருகிறது. கவனிப்பாரில்லை. அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கமும் காய்ச்சலும். சில ஆண்டுகளில் அது இதய வால்வுகளைச் சிதைத்து விடுகிறது. இருபது வயதில் மூச்சிரைக்கிறது. ருமாட்டிக் இதயநோய் எனப்படும் இது பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மருந்தால் மட்டும் மறையவில்லை, வீடும் உணவும் மேம்பட்டதால் மறைந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஒடிசாவிலும் இன்றும் இளைஞர்களை, குறிப்பாக இளம்பெண்களை, அறுவை மேசைக்கு அனுப்புவது இந்நோயே.

சிதைந்த வால்வை மாற்ற நம் நாட்டிலேயே வழி கண்டது ஒரு பொதுத்துறை நிறுவனம்தான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழு, மூன்று முன்மாதிரிகள் தோற்றபின் நான்காவதில் வென்றது. 1990 டிசம்பரில் முதல் சித்ரா வால்வு மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிடப் பன்மடங்கு மலிவான அது பல்லாயிரம் ஏழைகளுக்கு உயிர் தந்தது. பொதுத்துறையால் எதுவும் முடியாது என்போர் திருவனந்தபுரம் சென்று வரலாம்.

உலோகமும் செயற்கைத் துணியும் கொண்ட அந்த வால்வின்மீது இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் போன்ற மருந்தொன்றை உட்கொள்ள வேண்டும். மாத்திரை விலை அதிகமில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. அளவு கூடினால் மூளையில் இரத்தக்கசிவு; குறைந்தால் வால்வில் உறைவு, வால்வு திறக்க மறுத்து மரணம். ஐ.என்.ஆர். எனப்படும் இரத்தச் சோதனையைப் பெரும்பாலும் மாதம் ஒருமுறை செய்து அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். உணவு மாறினாலும், வேறு நோய்க்கு மருந்து எடுத்தாலும் அளவு தடுமாறும். தில்லியில் வால்வு மாற்றிக்கொண்டு தர்பங்கா மாவட்டத்துக் கிராமத்துக்குத் திரும்பும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அறுவை செய்த மருத்துவமனை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இச்சோதனை இல்லை. மாவட்டத் தலைநகரின் தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய், பேருந்துக் கட்டணம், ஒருநாள் கூலி இழப்பு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு. முதல் மாதம் போகிறார். மூன்றாம் மாதம் தள்ளிப்போடுகிறார். பிறகு பழைய சீட்டைக் காட்டிப் பழைய அளவையே வாங்கிச் சாப்பிடுகிறார். வால்வு அடைத்துக்கொள்ளும் நாளில் அவரது இறப்பு எந்தத் திட்டத்தின் தோல்வியாகவும் பதிவாகாது. சிப்பம் கணக்கில் அவர் வெற்றிகரமாகச் சிகிச்சை பெற்றவர்.

அவர் கருவுற்றால் நிலைமை இன்னும் கடுமை. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. இதை முன்கூட்டியே சொல்லி வழிநடத்த ஒருவர் வேண்டும். ஊரில் அந்த ஒருவர் பெரும்பாலும் ஆஷா ஊழியர்தான். 10 இலட்சம் பெண்களைத் ‘தன்னார்வலர்’ என்று பெயரிட்டு, ஊதியம் என்ற சொல்லையே தவிர்த்து, ஊக்கத்தொகையில் ஓட வைத்திருக்கிறது ஒன்றிய அரசு. 2022-இல் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு விருது அளித்தபோது பிரதமர் பெருமிதம் தெரிவித்தார். தொழிலாளி என்ற தகுதி மட்டும் இன்றுவரை அவர்களுக்குத் தரப்படவில்லை.

ருமாட்டிக் நோயில் மற்றொரு மருந்தும் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி, எஞ்சிய வால்வுகளைக் காக்கிறது. அறுவைக்குப் பின்னும் தொடரவேண்டிய ஊசி அது. காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துபோன, மலிவான, ஆகவே மருந்து முதலாளிகளுக்குச் சுவையற்ற மருந்து. விடுதலை பெற்ற இந்தியா பென்சிலினுக்காகவே 1954-இல் புணே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை ஆலையை எழுப்பியது. சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். பின்னர் வந்தது. 2016 டிசம்பரில் மோடி அமைச்சரவை ஐ.டி.பி.எல்.லை மூடவும், பிம்ப்ரி ஆலையையும் பிரஃபுல்ல சந்திர ராய் 1901-இல் நிறுவிய பெங்கால் கெமிக்கல்ஸையும் விற்கவும் முடிவெடுத்தது. வார்ஃபரினும் பென்சிலினும் 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது வேறு, சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருப்பது வேறு. மக்கள் மருந்தகங்களில் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். மலிவு விலையும் விலைதான். வேலைக்குப் போகமுடியாமல் படுத்திருப்பவர் அதை எதைக்கொண்டு கொடுப்பார்?

கூலியும் குடமும்

மருந்தைவிடப் பெரிய கேள்வி கூலி. மார்பெலும்பு கூடும்வரை கனமானதைத் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்பது மருத்துவர் அறிவுரை. சுமைதூக்கும் தொழிலாளிக்கும் ரிக்‌ஷா இழுப்பவருக்கும் செங்கல் சூளையில் மண் மிதிப்பவருக்கும் இவ்வறிவுரையின் பொருள் என்ன? மூன்று மாதம் பட்டினி கிட என்பதுதான். வேறு உடலுழைப்பற்ற வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று வீடு திரும்பும் நாளில் அன்போடு சொல்லும் இளம் மருத்துவர்களும் உண்டு. அவர்கள் நல்லவர்கள்.

இந்த நாட்டுச் சட்டத்திற்கு இதன் விடை தெரியாமலில்லை. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டின்கீழ் வரும் தொழிலாளி நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாட்கள்வரை 70 விழுக்காடு ஊதியம் பெறுகிறார். நீண்டகால நோய்களின் பட்டியலில் அடங்கும் நோயாயின் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள்வரை. சிக்கல் நேர்ந்த இதய அறுவையும் அப்பட்டியலில் உண்டு. சிகிச்சையும் கூலியும் ஒரே உரிமையின் இரு பாதிகள் என்பதைத் தொழிற்சங்க இயக்கம் அன்றே நிலைநாட்டியது. ஆனால் உழைப்பாளரில் பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாராத் துறையினர். அவர்களுக்குச் சட்டத்தின் இந்தப் பாதி எட்டவே இல்லை. ஆயுஷ்மான் அட்டை அவர்களுக்குச் சிகிச்சையைக் காட்டி, கூலியை மறக்கச் சொல்கிறது.

ஆந்திரத்தில் ஒரு முயற்சி நடந்தது. காப்பீட்டு வழி இதய அறுவை என்ற மாதிரியை 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய மாநிலம் அது. தமிழ்நாடு 2009-இல் அவ்வழியைப் பின்பற்றிற்று, பின்னர் ஒன்றிய அரசும். அதே ஆந்திரம் 2019 டிசம்பரில், அறுவைக்குப்பின் ஓய்விலிருப்பவருக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று உதவித்தொகை அறிவித்தது. நமக்கு எவ்வகையிலும் உறவில்லாத முதலாளித்துவ மாநிலக் கட்சி ஒன்றின் அரசு அது. தொகை, குறைந்தபட்சக் கூலிக்கும் எட்டாதது. இருப்பினும் தேறும் நாட்களுக்குக் கூலி உண்டு என்ற கோட்பாட்டை ஓர் அரசு தன் கோப்பில் ஒப்புக்கொண்டது. ஆயுஷ்மானின் மூலமாதிரியைக் கடன் வாங்கிய தில்லி, இதை மட்டும் ஏன் கடன் வாங்கவில்லை?

ஆண் படுத்தால் கூலி போகிறது; பெண் படுத்தால் வீடு நிற்கிறது என்பார்கள். உண்மையில் வீடு நிற்பதில்லை, அவள் எழுந்துவிடுகிறாள். ஒரு குடம் தண்ணீர் 15 கிலோவுக்குக் குறையாது. கம்பி கட்டிய மார்போடு அதை இடுப்பில் ஏற்றுபவளை எந்த மருத்துவக் குறிப்பும் பதிவு செய்வதில்லை. படுத்திருப்பது கணவனோ மாமனாரோ என்றால், செவிலி, சமையலாள், கணக்கர், மருந்தாளர் என்று நான்கு வேலையும் அவளுக்கே. மருத்துவமனைகள் நோயாளியை விரைவில் வீட்டுக்கு அனுப்பிப் ‘படுக்கைத் திறன்’ காட்டும்போது, குறைந்த நாட்களின் பணி மறைந்துவிடவில்லை. கூலியில்லாத கைகளுக்கு மாறியிருக்கிறது. தமிழில் ‘தேறுதல்’ என்ற சொல்லுக்கு உடல் மீள்வது என்றும் மனம் ஆறுதல் கொள்வது என்றும் இரு பொருள் உண்டு. இவர்களுக்குக் கிடைப்பது இரண்டாவது மட்டுமே, அதுவும் அண்டைவீட்டாரிடமிருந்து.

பணமில்லையாம்

தில்லி எய்ம்ஸ் வாசலில், நடைபாதையிலும் மெட்ரோ சுரங்கப் படிகளிலும் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவர்களைத் தலைநகர் சென்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அறுவைக்குத் தேதி கேட்டுக் காத்திருப்பவர்களோடு, அறுவை முடிந்து அடுத்த சோதனைக்காகக் காத்திருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஊருக்குப் போய் வரக் காசில்லாததால் டிசம்பர் குளிரில் அவர்களுக்கு நடைபாதையே மீட்சிக்கூடம். இவர்களின் ஊரிலேயே, மாவட்ட மருத்துவமனையில் ஓர் இதயப் பிரிவு இயங்கினால் இந்த நடைபாதை காலியாகிவிடும். நிதி ஆயோக் 2017-இல் மாவட்ட மருத்துவமனைகளுக்கு ஒரு வழி சொன்னது. இதயம், நுரையீரல், புற்றுநோய் ஆகியவற்றுக்கான பிரிவுகளை அமைக்க அம்மருத்துவமனைகளின் இடத்தையே தனியாருக்கு 30 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம்; இலவசப் படுக்கைக்கென ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் எழுந்த கட்டடத்தில் பொதுமக்கள் வாடிக்கையாளராக வந்து நிற்க வேண்டும் என்பதே இதன் தமிழாக்கம்.

ஆரம்ப நிலைக்கு என்ன செய்தார்கள்? 2023 நவம்பரில் நலவாழ்வு மையங்களின் பெயர்ப்பலகையை ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று மாற்ற உத்தரவிட்டார்கள். உடன்படத் தயங்கிய கேரளத்துக்குத் தேசிய சுகாதார இயக்க நிதி நிறுத்தப்பட்டது. மாத்திரை இல்லாத அலமாரிக்குமேல் கோவில் என்று எழுதினால் நோய் தீருமென்று எந்த ஆகமத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

நிதியில்லை என்ற பல்லவிக்கு அரசின் ஆவணங்களே மறுப்பு. பொதுச் சுகாதாரச் செலவை 2025-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவதாக 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22 கணக்குப்படி, பெருந்தொற்றுக் காலத்துச் செலவையும் சேர்த்தே, அது 1.84 விழுக்காடு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் பையிலிருந்தே கொடுத்தனர். மறுபுறம், 2019 செப்டம்பர் 20 அன்று பெருநிறுவன வரியை ஒரே அறிவிப்பில் 30-இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதனால் கைவிடப்படும் வருவாய் ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் என்று நிதியமைச்சரே சொன்னார். 2025-26-இல் ஒன்றிய சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை ஒரு இலட்சம் கோடிக்கும் சற்றுக் குறைவு. ஏழைக்குக் கொடுத்தால் ‘ரேவடி’ என்று 2022-இல் பிரதமர் ஏளனம் செய்தார். முதலாளிக்குக் கொடுத்ததற்கு இன்னும் எந்த மிட்டாயின் பெயரும் சூட்டப்படவில்லை.

மாற்று சாத்தியம் என்பதைக் கேரளம் பகுதியளவேனும் காட்டியது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2017-இல் தொடங்கிய ‘ஹ்ருத்யம்’ திட்டம், பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தையைப் பதிவு செய்து இலவச அறுவைக்கு அனுப்புவதோடு நிற்பதில்லை. வீடு திரும்பிய குழந்தையை ஊரிலுள்ள சுகாதாரப் பணியாளர் தொடர்ந்து கவனிக்கிறார். ஆர்த்ரம் இயக்கத்தில் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாக வலுப்பெற்றன. ஆலப்புழையில் அரசு மருந்து ஆலை இயங்குகிறது. அங்கும் எல்லாம் நேராகிவிடவில்லை. 2025-இல் விநியோகஸ்தர்களுக்குச் சேர்ந்த பாக்கியால் மருத்துவக் கல்லூரிகளில் அறுவைக் கருவிகளுக்கே தட்டுப்பாடு வந்தது. கடன் வரம்பைச் சுருக்கி மாநிலத்தை நெருக்கும் தில்லியின் பங்கு அதில் பெரிது. பாக்கியை முன்னதாகத் தீர்த்திருக்கலாம் என்ற விமர்சனத்துக்கும் இடமுண்டு. ஆனால் அறுவைக்குப் பிந்தைய நாட்களும் அரசின் வேலை என்ற புரிதல் அங்கே ஆட்சிமுறைக்குள் நுழைந்தது. தில்லியில் அது வாசல்வரைகூட வரவில்லை.

நிதிநிலை அறிக்கை வரும்போது எத்தனை கோடி அட்டைகள் என்ற எண்ணைத்தான் மீண்டும் கேட்கப் போகிறோம். நம் வட்டாரங்களில் வேறு கேள்விகளோடு சுகாதார நிலையங்களுக்குப் போகலாம். மருத்துவ அதிகாரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்; அவருக்கும் பாதிப் பணியிடங்கள் காலியாக இருக்கலாம். எழுத்தில் பதில் பெற்று மாவட்ட ஆட்சியருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புவோம். இப்பகுதியில் கடந்த ஆண்டு இதய அறுவை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் இங்குள்ள பதிவேட்டில் உண்டா? ஐ.என்.ஆர். சோதனை இங்கே நடக்கிறதா, இல்லையென்றால் எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும்? பென்சிலின் ஊசி கடைசியாக எந்த மாதம் வந்தது? அறுவை முடிந்து வந்தவர் வீட்டுக்கு, 16-ஆம் நாளுக்குப்பின் எவராவது போனார்களா?